கடையத்தில் கட்டுண்ட கவிஞர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் ரெயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். எண்ணெய்ப் புட்டியும் துண்டுமாக மக்கள் முண்டியடித்து ஏறுவார்கள். சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர்கள் கழியக் கழிய, மேற்கே மலை நெருங்கி வரும். ரவணசமுத்திரத்தைத் தாண்டியதும் கீழக்கடையம் என்று ஒரு சிறிய ஸ்டேஷன். அங்கே வண்டி சிறிது நேரமே நிற்கும். அருவியை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைக் கவனிப்பதில்லை.

அந்தக் கடையத்தில்தான் கவி சுப்பிரமணிய பாரதியார் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மாமனார் ஊருக்கு விருந்தாட வந்தவர் அல்ல. இன்னின்ன இடத்தில்தான் இருக்க வேண்டும், அரசியலில் தலையிடக் கூடாது, எழுதுவதை எல்லாம் முதலில் போலீசுக்குக் காட்ட வேண்டும் என்று சர்க்கார் போட்ட நிபந்தனைகளோடு வந்து சேர்ந்தவர் அவர். கோர்ட்டில் விசாரணை நடக்கவில்லை. தீர்ப்பும் இல்லை. ஒரு குற்றம் நிரூபிக்கப்பட்டதாக ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

பாரதியாரைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஆனால் அந்த நிபந்தனைகளை இந்தியக் குடியரசின் அரசியல் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. வைத்துப் பார்த்தால், மகிழ்ச்சி தருவதும் உண்டு. துணுக்குறச் செய்வதும் உண்டு.

எட்டயபுரத்திலிருந்து புதுச்சேரிக்கு

1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி எட்டயபுரத்தில் பிறந்தவர் பாரதியார். நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படிப்பு, 1897-ல் கடையத்துச் செல்லம்மாளுடன் திருமணம், பிறகு காசி வாசம், எட்டயபுரம் அரண்மனை வேலை, மதுரை சேதுபதி பள்ளியில் சில மாத ஆசிரியப் பணி. இவை எல்லோருக்கும் தெரிந்த கதை. 1904-ல் ஜி. சுப்பிரமணிய அய்யரின் "சுதேசமித்திரன்" பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அவருடைய உண்மையான வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

1906-ல் "இந்தியா" என்ற வாரப் பத்திரிகை பிறந்தது. அதன் எழுத்து பாரதியாருடையது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவானவர் எம். சீனிவாசன் என்பவர். 1908-ல் சர்க்கார் "இந்தியா" மீது ராஜத்துரோக வழக்குத் தொடர்ந்தபோது, சிறைக்குப் போனவர் சீனிவாசன்தான். ஐந்து ஆண்டு தண்டனை. அதே ஆண்டு ஜூலையில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனையும், சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டும் திருநெல்வேலிக் கோர்ட்டில் விதிக்கப்பட்டிருந்தன. பேசியதும் எழுதியதுமே அங்கே குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவுக்கு அவ்வளவு பலம்.

நண்பர்கள் வற்புறுத்த, பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். சீனிவாசன் சிறையில் இருக்க அவர் அங்கே போனது சரியா என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. பின்னாளில் கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை மழுப்ப வேண்டியதில்லை. பத்திரிகை புதுச்சேரியிலிருந்து தொடர்ந்து வெளிவந்தது என்பதும் உண்மை. ஆனால் பிரிட்டிஷ் எல்லைக்குள் அது வரக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். படிப்பவர் கைக்குப் போகாத பத்திரிகை எத்தனை நாள் நடக்கும்? 1910 மார்ச்சில் "இந்தியா" நின்றது.

செங்கோட்டையில் எழுந்த புயல்

புதுச்சேரியில் இருந்த பாரதியாரின் தலைமேல் அடுத்த இடி விழுந்தது தென்காசிப் பக்கத்திலிருந்துதான். 1910-ல் நீலகண்ட பிரம்மச்சாரி என்ற இளைஞர் தென்காசியில் ஒரு வீட்டில் ரகசியக் கூட்டம் நடத்திச் சபதம் செய்து வைத்தார். அந்த வட்டத்தில் சேர்ந்தவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சி சுட்டார். தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டார்.

தென்காசியிலும் செங்கோட்டையிலும் போலீசார் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். பதினான்கு பேர் மீது சென்னை ஐகோர்ட்டில் சதி வழக்கு நடந்தது. பாரதியார் அந்தக் குற்றவாளிப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அன்று முதல் புதுச்சேரியில் அவருடைய வாசலில் ஒற்றர்கள் நின்றார்கள். "கனவு", "ஆறில் ஒரு பங்கு" என்ற அவருடைய இரண்டு சிறு நூல்களும் 1911-ல் தடை செய்யப்பட்டன. இரண்டாவது நூல் ஒரு காதல் கதை. தாழ்த்தப்பட்ட மக்களின் உரிமைக்காக எழுதியது. அதில் சர்க்காருக்கு என்ன ஆபத்து இருந்தது என்பது இன்று படிப்பவருக்கு விளங்காது.

அந்தச் சதி வழக்கில் ஒரு விந்தை. விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவரான சங்கரன் நாயர், மற்ற இருவருடன் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். அதில் பாரதியாரின் பாட்டு ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சேர்த்தார். சர்க்கார் அஞ்சிய கவிஞரின் வரிகள், சர்க்காரின் ஐகோர்ட்டுத் தீர்ப்பிலேயே ஏறிவிட்டன!

கடலூர் ஜெயில்

பத்தாண்டு ஆயிற்று. 1918 நவம்பரில் முதல் உலக யுத்தம் முடிந்தது. இனியும் அந்நிய மண்ணில் அடைந்து கிடப்பானேன் என்று பாரதியார் குடும்பத்துடன் புறப்பட்டார். நவம்பர் 20-ந் தேதி பிரிட்டிஷ் எல்லையில் காலை வைத்ததும் போலீசார் கைது செய்தார்கள். கடலூர் ஜெயிலில் அடைத்தார்கள்.

எந்தச் சட்டப்படி? யுத்தம் தொடங்கிய 1914-ல் இந்தியாவுக்குள் நுழைபவர்களைக் கட்டுப்படுத்த ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் யாரையும் தடுக்கலாம், இன்ன இடத்தில் இரு என்று சொல்லலாம். யுத்தம் முடிந்த பிறகும் அந்தச் சட்டம் பாரதியார் மேல் பாய்ந்தது. யுத்தத்துக்காக வந்த சட்டம் யுத்தத்தோடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்னி பெசன்ட் அம்மையார், சி.பி.ராமசாமி அய்யர், சுதேசமித்திரன் ஏ.ரங்கசாமி அய்யங்கார் முதலியோர் முயன்றார்கள். பாரதியாரும் கவர்னருக்கு எழுதினார். டிசம்பர் 14-ந் தேதி விடுதலை கிடைத்தது. மேலே சொன்ன நிபந்தனைகள் அந்த விடுதலையின் விலை. திருநெல்வேலி ஜில்லாவில் குறிப்பிட்ட ஊர்களில்தான் வசிக்கலாம். அரசியல் கூடாது. எழுதியவற்றை சி.ஐ.டி. போலீசின் தலைமை அதிகாரியிடம் காட்டி, அனுமதி பெற்றபின்தான் வெளியிடலாம். பாரதியார் சம்மதித்தார். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உள்ளவர் வேறு என்ன செய்வார்?

விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்து வைப்பது சுதந்திர இந்தியாவில் முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து, சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்கிறது. ஆனால் அடுத்த ஷரத்திலேயே தடுப்புக் காவலுக்கும் இடம் வைத்தார்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்; மறுப்புச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்; மூன்று மாதத்துக்குமேல் வைப்பதென்றால் ஆலோசனைக் குழு பார்க்க வேண்டும் என்று சில வேலிகளும் போட்டார்கள். அதே சமயம், பொதுநலனுக்கு விரோதம் என்று கருதும் விவரங்களைச் சர்க்கார் வெளியிட வேண்டியதில்லை என்றும் எழுதி வைத்தார்கள்.

அந்த ஷரத்தை முதலில் சோதித்துப் பார்த்தவர் சென்னை ராஜ்யத்தில் காவலில் இருந்த கம்யூனிஸ்டு தலைவர் ஏ.கே.கோபாலன். 1950 மே 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காவலின் காரணத்தைக் கோர்ட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்றிருந்த ஒரே ஒரு பிரிவு மட்டும் செல்லாது என்றார்கள். கடலூரில் பாரதியாருக்கு நேர்ந்தது, சில வேலிகளோடு, குடியரசிலும் நேரலாம் என்பதே அதன் பொருள்.

சாரல் அடிக்கும் ஊர்

கடையம் அழகான ஊர். மேற்கே மலை. ராமநதி, ஜம்புநதி என்று இரண்டு ஆறுகள். குற்றாலத்தில் சாரல் அடித்தால் கடையத்திலும் காற்று குளிரும். ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் வில்வவனநாதர் நித்திய கல்யாணி கோயில் இருக்கிறது. பாரதியார் அங்கே நடந்து போவார். கோயிலை அடுத்த பாறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அம்மன் மீது பாட்டும் பாடினார்.

பாரதியாரின் மைத்துனர் அப்பாத்துரை அய்யர் உதவியாக இருந்தார். எனினும் மாமனார் வீட்டில் மாப்பிள்ளை தங்கினால் எத்தனை நாள் மரியாதை? கையில் காசு இல்லை. எழுதிப் பிழைப்பவரிடம் எழுதாதே என்று சொல்வது, உழவனிடம் வயலில் இறங்காதே என்று சொல்வதற்குச் சமம். 1919 மே மாதம் எட்டயபுரம் போய், ஜமீன்தாருக்குக் கவிதையிலேயே கடிதம் எழுதி அனுப்பினார். அரண்மனையிலிருந்து உதவி வரவில்லை.

ஓரூரில் இருக்கக் கட்டளையிடுவது சாதாரண விஷயம் போலத் தோன்றும். ஜெயில் இல்லையே, வீடுதானே என்று தோன்றும். ஆனால் பாரதியாரின் பத்திரிகைகளும் அச்சுக்கூடங்களும் நண்பர்களும் இருந்தது சென்னையில். கடையத்தில் அவருக்கு வேலை கொடுக்க யார் இருந்தார்கள்? ஊரைத் தடுப்பது பிழைப்பைத் தடுப்பதாகவே முடிந்தது. நாள் செல்லச் செல்லக் கெடுபிடி தளர்ந்திருக்க வேண்டும். 1919 நவம்பரில் அவர் காரைக்குடிக்குப் போய் வந்தார். கையில் கோலுடன் விறைப்பாக இருக்கும் அந்தப் பிரபலமான புகைப்படம் அங்கே எடுத்ததுதான்.

அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து, நாடு முழுவதும் தடையின்றிச் செல்லவும், எந்தப் பகுதியிலும் குடியிருக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. பொதுமக்கள் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. நியாயமானதா என்று பார்ப்பது கோர்ட்டின் வேலை. இந்து மகாசபைத் தலைவர் டாக்டர் என்.பி.காரேயை டில்லியைவிட்டு மூன்று மாதம் வெளியேறச் சொல்லி உத்தரவிட்டார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஐந்து நீதிபதிகளில் மூவர் உத்தரவு செல்லும் என்றார்கள். இருவர் செல்லாது என்றார்கள். ஆகவே இந்த விலங்கும் முழுதாக அறுபடவில்லை. ஆனால் கணக்குக் கேட்க ஓர் இடம் உண்டாயிற்று. 1918-ல் பாரதியாருக்கு அந்த இடம் இல்லை. கவர்னருக்கு விண்ணப்பம் எழுதுவதுதான் அவருக்கு இருந்த ஒரே வழி.

அக்கிரகாரத்தின் தடை

சர்க்கார் போட்ட நிபந்தனைகளுக்கு மேல், ஊரும் ஒரு நிபந்தனை போட்டது. அதற்குக் காகிதம் தேவைப்படவில்லை.

பாரதியார் சாதி பார்க்காமல் பழகுவார். எவர் வீட்டிலும் சாப்பிடுவார். புதுச்சேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர் ஒருவருக்குப் பூணூல் அணிவித்தவர் அவர். வழியில் கண்ட கழுதைக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சினாராம். கடையத்து அக்கிரகாரம் இதையெல்லாம் பொறுக்கவில்லை. பைத்தியம் என்றார்கள், ஒதுக்கி வைத்தார்கள். செல்லம்மாள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. கணவரைச் சர்க்கார் கட்டிப்போட்டிருக்கிறது. சொந்த ஊர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த அம்மாள் எந்தப் பக்கம் போவார்?

பக்கத்தில் பொட்டல்புதூர் இருக்கிறது. முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலால் புகழ்பெற்ற ஊர். 1920-ல் அவ்வூர் முஸ்லிம்கள் பாரதியாரை அழைத்தார்கள். அவர் போய் இஸ்லாத்தின் பெருமையைப் பற்றிப் பேசினார். அல்லாவைப் போற்றிப் பாட்டும் பாடினார். சொந்த வீதியில் கிடைக்காத மரியாதை அடுத்த ஊரில் கிடைத்தது.

அடிப்படை உரிமைகள் என்றால் சர்க்காரிடமிருந்து பாதுகாப்பு என்றுதான் மேல்நாட்டார் எழுதி வந்தார்கள். இந்திய அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் அதோடு நிற்கவில்லை. கடைக்குள், ஓட்டலுக்குள், பொதுக் கிணற்றுக்கு, குளத்துக்கு, குளிக்கும் துறைக்கு யார் வந்தாலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று 15-வது ஷரத்தில் எழுதினார்கள். 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. அதை அனுசரிப்பது குற்றம் என்றது. இவை சர்க்காரை மட்டும் கட்டுப்படுத்துபவை அல்ல. கடைக்காரரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகின்றன. டாக்டர் அம்பேத்கர் தலைமையில் எழுதிய சட்டம் அல்லவா? போலீஸ்காரரைவிட ஊர்க்கட்டுப்பாடு எவ்வளவு கொடியது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மனமொத்துப் பழகாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீதியை எந்தச் சட்டமும் தொட முடியாது.

தென்காசி ஸ்டேஷனில் ஒரு கதை

கடையத்துக் காலத்தில் பாரதியார் எழுதிய சிறுகதைகளில் ஒன்று "ரயில்வே ஸ்தானம்". கதை நடப்பது தென்காசி ரெயில் நிலையத்தில். ஒரு பணக்கார முஸ்லிம் இளைஞன். அவனுக்கு மூன்று மனைவியர். மூவரும் உடன்பிறந்தவர்கள். அந்தப் பெண்களின் வாழ்க்கை என்னாவது என்பதுதான் விஷயம். 1920-ல் சுதேசமித்திரனில் அது வெளிவந்தது.

அதைப் படித்த ஒரு முஸ்லிம் நண்பர் ஒரு பிழையைச் சுட்டிக் காட்டினார். மனைவி உயிரோடிருக்கையில் அவளுடைய உடன்பிறந்தவளை மணப்பதை இஸ்லாமிய சாஸ்திரம் அனுமதிக்காது என்றார். பாரதியார் கோபப்படவில்லை. தமக்கு அது தெரியாமல் போயிற்று என்று ஒப்புக்கொண்டு, கதையைத் திருத்தி வாசிக்கும்படி பத்திரிகையிலேயே எழுதிவிட்டார். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

இந்தச் சிறு சம்பவத்தையும், சி.ஐ.டி. அதிகாரிக்கு எழுத்தைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்தில் பிழை வராது என்று யாரும் சொல்ல முடியாது. பிழையைத் திருத்த இரண்டு வழி. ஒன்று, எழுத்து வெளிவரட்டும். படித்தவர் குறை சொல்லட்டும். எழுதியவர் பதில் சொல்லட்டும். மற்றது, வெளிவருமுன் ஓர் அதிகாரி சிவப்பு மையால் அடிக்கட்டும். முதல் வழியில் தென்காசிக் கதை ஒரு நாளில் திருந்திவிட்டது. இரண்டாவது வழியில் போயிருந்தால், அந்த அதிகாரிக்கு இந்தச் சாஸ்திர நுட்பம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

1950-ல் கிட்டத்தட்ட இதே நிபந்தனை ஒரு டில்லிப் பத்திரிகைக்கு வந்தது. "ஆர்கனைசர்" என்ற வாரப் பத்திரிகை, வகுப்பு விவகாரங்களையும் பாகிஸ்தான் பற்றிய செய்திகளையும் அச்சிடுமுன் அதிகாரியிடம் காட்டவேண்டும் என்று டில்லித் தலைமைக் கமிஷனர் உத்தரவிட்டார். அதே சமயம் "கிராஸ் ரோட்ஸ்" என்ற பம்பாய்ப் பத்திரிகை உள்ளே வரக் கூடாது என்று சென்னை சர்க்கார் தடை விதித்தது. ஒன்று வலதுசாரிப் பத்திரிகை, மற்றது இடதுசாரி. பாரதியாருக்குப் பிரிட்டிஷார் செய்த இரண்டு காரியங்களையும், புதுச்சேரியிலிருந்து வந்த "இந்தியா"வைத் தடுத்ததையும், கடையத்தில் எழுத்தைச் சோதித்ததையும், குடியரசு சர்க்கார்கள் முதல் ஆறு மாதத்துக்குள்ளாகவே செய்து பார்த்துவிட்டன!

1950 மே 26-ந் தேதி இரண்டு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. டாக்டர் காரே வழக்கின் தீர்ப்பும் அன்றுதான். சென்னை ஐகோர்ட்டில் வக்கீலாக இருந்து உயர்ந்த பதஞ்சலி சாஸ்திரி, பத்திரிகை வழக்குகளின் தீர்ப்பை எழுதினார். பேச்சுரிமைக்கு அரசியல் சட்டம் வைத்துள்ள வரம்புகளில் பொது அமைதி என்ற சொல் இல்லை. நாட்டின் பாதுகாப்பையே குலைப்பதுதான் உண்டு. ஆகவே இரண்டு தடையும் செல்லாது என்றார். நீதிபதிகளில் பசல் அலி ஒருவரே மாறுபட்டார்.

பாரதியார் உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு 67 வயது. அந்தத் தீர்ப்பை அச்சில் பார்த்திருக்கலாம்.

ஆனால் ஓராண்டு கழிந்த சில நாட்களில், 1951 ஜூனில், பார்லிமெண்டு அரசியல் சட்டத்தைத் திருத்தியது. அதுதான் முதல் திருத்தம். பொது அமைதி, அந்நிய நாடுகளுடன் நட்பு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை பேச்சுரிமையின் வரம்புகளில் சேர்ந்தன. பத்திரிகைக்காரர்கள் வருந்தினார்கள். அந்தத் திருத்தத்திலும் ஒரு நல்ல சொல் புகுந்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல் அது. முன்பு பேச்சுரிமைப் பகுதியில் அச்சொல் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் பல பத்திரிகைகள் தப்பின. 1957-ல் பஞ்சாப் பத்திரிகை வழக்கில், காலவரம்பு உள்ள தடை செல்லும், காலவரம்பே இல்லாத தடை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு பிரித்துக் காட்டியது.

தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு உண்டு. மரண தண்டனைக் கைதி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை "நக்கீரன்" பத்திரிகை வெளியிட முற்பட்டபோது சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். அவதூறு என்றால் வெளிவந்த பிறகு வழக்குப் போடலாம். வெளிவருமுன் தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை என்று 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. கடையத்து நிபந்தனைகளில் மிகவும் பலமாக அடிபட்டது இதுதான்.

வெளிச்சம் தெரிந்த நாள்

1920-ல் கட்டுப்பாடுகள் நீங்கின. பாரதியாரின் மனத்தில் பெரிய பெரிய திட்டங்கள். தம் எழுத்துக்களை நாற்பது புத்தகமாகப் போட வேண்டும், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி, மொத்தம் நான்கு லட்சம் என்று கடையத்திலிருந்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல அவை வீடுதோறும் விலைப்படும் என்று நம்பினார். கடன் கேட்டார். பணம் வரவில்லை. போலீஸ் தடை நீங்கிய பிறகும் புத்தகம் அச்சேறவில்லை. எழுதும் உரிமை வேறு, அச்சுக்கூலி வேறு.

அந்த ஆண்டின் இறுதியில் சென்னைக்குப் போனார். ரங்கசாமி அய்யங்கார் அழைத்து, சுதேசமித்திரனில் மீண்டும் இடம் கொடுத்தார். ஓராண்டுகூட முழுதாக இல்லை. திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளிவிட்டது. அதிலிருந்து தேறினாலும் வயிற்று நோய் கண்டது. 1921 செப்டம்பரில், 39 வயது நிறையுமுன், காலமானார்.

இறந்தவரையும் விடவில்லை

செல்லம்மாள் தம் கணவரின் பாட்டுக்களை அச்சிட்டார். பிறகு பாரதி பிரசுராலயத்தார் வெளியிட்டார்கள். 1928-ல் பர்மா சர்க்கார் அந்தப் பாட்டுப் புத்தகங்களைத் தடை செய்தது. சென்னை சர்க்காரும் பின்பற்றியது. போலீசார் புகுந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கவிஞர் மாண்டு ஏழாண்டு ஆகியும் ராஜத்துரோகப் பயம் தீரவில்லை.

சத்தியமூர்த்தி சென்னைச் சட்டசபையில் எழுந்தார். ஒத்திவைப்புப் பிரேரணை கொண்டுவந்து, சர்க்காரைத் திணறடித்தார். சபை அவர் பக்கம் நின்றது. ஐகோர்ட்டிலும் வழக்கு நடந்தது. முடிவில் புத்தகங்கள் திரும்பி வந்தன.

அந்த ராஜத்துரோகம் என்ற சொல், அரசியல் சட்ட நகலிலும் முதலில் இருந்தது. பேச்சுரிமைக்கு உள்ள வரம்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்திருந்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் கே.எம்.முன்ஷி எதிர்த்தார். அந்தச் சொல்லைக் காட்டித்தானே நாட்டுத் தலைவர்களை ஜெயிலில் தள்ளினார்கள் என்ற நினைவு அங்கிருந்த அனைவருக்கும் இருந்தது. சொல் நீக்கப்பட்டது. அதற்கு முந்தின ஆண்டு அதே சபையில் வங்காளத்துக் கம்யூனிஸ்டு சோமநாத் லாகிரி, இந்த உரிமைகளைப் பார்த்தால் போலீஸ்காரர் கண்கொண்டு எழுதியவை போல இருக்கின்றன என்று குறை சொல்லியிருந்தார். உரிமை ஒரு வரி, விலக்கு மூன்று வரி என்பது அவருடைய மனத்தாங்கல்.

அரசியல் சட்டத்திலிருந்து போனாலும், தண்டனைச் சட்டத்தில் 124-ஏ இருந்துகொண்டே இருந்தது. வன்முறையைத் தூண்டினால்தான் குற்றம், சர்க்காரைக் கண்டிப்பது குற்றமல்ல என்று 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு அதற்குக் கடிவாளம் போட்டது. 2022 மே மாதம் அப்பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1-ந் தேதி பழைய தண்டனைச் சட்டமே போய், புதிய சட்டம் வந்தது. ராஜத்துரோகம் என்ற பெயர் அதில் இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைப்பதைத் தண்டிக்கும் 152-வது பிரிவு இருக்கிறது. பெயர் மாறிற்று, பொருள் மாறவில்லை என்பாரும் உண்டு.

தடுப்புக் காவல் கதையும் நின்றுவிடவில்லை. 1975 நெருக்கடி நிலையில் ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை என்று 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கையை விரித்தது. கோபாலன் வழக்கில் குறுகலாகப் பார்த்த 21-வது ஷரத்தை 1978-ல் மேனகா காந்தி வழக்கில்தான் விரித்துப் பார்த்தார்கள். சட்டம் வகுத்த முறை என்றால் அந்த முறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். எந்த நெருக்கடியிலும் உயிருரிமையை நிறுத்தி வைக்க முடியாது என்று 44-வது திருத்தம் எழுதிற்று. அவ்வளவும் ஆன பிறகும் 22-வது ஷரத்தின் தடுப்புக் காவல் பகுதி அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1982-ல் வந்த குண்டர் தடுப்புச் சட்டம் நிற்பது அதன் பலத்தில்தான்.

கடையம் இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் அந்த மாவட்டம் பிறந்தது. பாரதியார் எந்த ஜில்லாவைவிட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுண்டு கிடந்தாரோ, அந்தத் திருநெல்வேலி ஜில்லாவின் எல்லைக்கு வெளியே போய்விட்டது கடையம். ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்பட்டால் அடுத்து பாவூர்ச்சத்திரம் பக்கம் போகும், பிறகு தென்காசி. அங்கே இறங்குகிறவர்கள் குற்றாலத்துக்குப் பஸ் ஏறுவார்கள்.